தலை நுழையாத சட்டை

சானிடோரியம், பெண்கள் வார்டு
14-8-1938

மாமாவுக்குத் தீர்த்தம்மாள் கும்பிட்டு எழுதியது.

நான் நன்றாக இருக்கிறேன். இந்தக் காசநோய் ஆஸ்பத்திரிக் கணக்கில் நன்றாக என்றால், காலையில் காய்ச்சல் இல்லை, சாயங்காலம் கொஞ்சம் உண்டு என்று அர்த்தம். நீங்கள் என்னை இங்கே கொண்டுவந்து விட்டுப் பதினேழு மாதம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க மல்லாந்து கிடந்தேன். புரண்டு படுக்கக்கூட நர்ஸைக் கேட்க வேண்டும். இப்போதுதான் டாக்டரம்மா பகலில் இரண்டு மணி நேரம் சாய்ந்து உட்காரலாம் என்றார். உட்கார்ந்தால் மனம் பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஓடிப்போய் நம் மகள் பாஞ்சாலிக்குத் தலை வாருகிறது.

இங்கே ரோசம்மாள் என்று ஒரு நர்ஸ். சேலத்துப் பக்கம், அதனால் பேச்சு நம் பேச்சு. "படுத்துக்கிட்டு முகட்டையே பாத்தா சீக்கு போயிருமா? கையக் குடு"ன்னு, இரண்டு சைக்கிள் கம்பியை முனை தேய்த்துக் கொடுத்துக் கம்பளி பின்னக் கற்றுக் கொடுத்துவிட்டாள். ஒரு கம்பியில் கண்ணி கண்ணியாக நூலை ஏற்றிக்கொண்டு, மற்றக் கம்பியால் ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். கயிற்றுக் கட்டில் பின்னுவதைவிடச் சுலபம், களி கிண்டுவதைவிடக் கஷ்டம்.

முதல் முதலாக உங்களுக்கு ஒரு மப்ளர் பின்னி அனுப்பியிருக்கிறேன். சிரிக்கக் கூடாது. ஒரு சாண் அகலத்தில் ஆரம்பித்தது, நடுவில் ஒன்றரைச் சாணாகிவிட்டது, முடிவில் மறுபடி ஒரு சாண். தவளை விழுங்கின பாம்பு மாதிரி இருக்கிறது என்கிறாள் ரோசம்மாள். கழுத்தில் சுற்றினால் தெரியாது.

பயம் வேண்டாம். இங்கிருந்து வெளியே போகிற எதையும் மருந்துப் புகைப் பெட்டியில் ஒரு நாள் வைத்து, இன்னொரு நாள் வெயிலில் போட்ட பிறகுதான் அனுப்புவார்கள். டாக்டரம்மா தன் சொந்த மகளுக்கே எங்கள் கையால் பின்னியதைத்தான் போடுகிறார்.

இனி எல்லாருக்கும் பின்னப் போகிறேன். அத்தைக்கு ஒரு சால்வை, கொழுந்தனார் தர்மனுக்கு ஒரு குல்லாய், பக்கத்து வீட்டுச் செல்லம்மாளுக்குக் காலுக்கு மேஜோடு. நம் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் சேந்த முடியாமல் இங்கே கிடக்கிறேன். மார்கழிக் குளிருக்காவது உதவுகிறேன். பாஞ்சாலிக்கு மட்டும் கடைசியில். கை நன்றாகப் பழகின பிறகுதான் அவளுக்கு.

நீங்கள் ஒரே ஒரு தடவை வந்து கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனீர்கள். மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்க வேறு ஆள் இல்லை, தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

உங்கள்
தீர்த்தம்


பாப்பிரெட்டிப்பட்டி
9-9-1938

சௌபாக்கியவதி தீர்த்தத்துக்குக் காளியப்பன் எழுதுவது.

இங்கே அம்மா, தர்மன், பாஞ்சாலி, மாடு கன்று எல்லாரும் சுகம். உன் கடிதமும் மப்ளரும் வந்து சேர்ந்தன. விடியற்காலம் கிணற்றுக்குக் கவலை ஓட்டப் போகும்போது கழுத்தில் சுற்றிக்கொண்டு போகிறேன். பக்கத்துக் காட்டு மாதையன் பார்த்துவிட்டு, "துரை வர்றாரு, வழி வுடுங்கப்பா"ன்னு கேலி செய்தான். கோணலாக இருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

நிலக்கடலை இந்தத் தடவை பரவாயில்லை. சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. பாஞ்சாலி தினம் பஸ் வருகிற நேரத்துக்கு ரோட்டில் போய் நிற்கிறாள். "எங்கம்மா இதுல வருதா?"ன்னு கண்டக்டரைக் கேட்கிறாளாம். அவரும் "நாளைக்கு வரும் பாப்பா"ன்னு சொல்லி அனுப்புகிறார். அம்மா போய்த் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

நீ சிரமப்பட்டு எங்களுக்கெல்லாம் பின்ன வேண்டாம். உடம்பைப் பார். பாலும் முட்டையும் முகம் சுளிக்காமல் சாப்பிடு.

காளியப்பன்


சானிடோரியம்
22-11-1939

மாமாவுக்குத் தீர்த்தம் கும்பிட்டு எழுதியது.

இந்த ஒரு வருடத்தில் ஊரில் பாதிப்பேருக்குப் பின்னிவிட்டேன். அத்தையின் சால்வை கோவிலுக்குப் போகும்போது தோளில் இருக்கிறது, தர்மன் குல்லாய் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிறான், செல்லம்மாள் மேஜோட்டைக் காலில் மாட்டிக்கொண்டு வழுக்கி விழப் பார்த்தாள் என்றெல்லாம் நீங்கள் எழுதியதைப் பக்கத்துக் கட்டில்காரிகளுக்குப் படித்துக் காட்டினேன். "உன் புருசன் நல்லா எழுதறாரு"ன்னு ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கடிதமே வருவதில்லை.

இப்போது பாஞ்சாலியின் முறை. தலை வழியாகப் போடுகிற சட்டை, நல்ல சிவப்பு. அளவுக்கு ஒரு நூல் பிடித்து அனுப்பச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். நீங்கள் அனுப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவள் என் இடுப்பில் உட்கார்ந்திருந்த கனத்தை நினைத்து, அதற்கு மேல் இரண்டரை வருடத்தைக் கூட்டி நானே ஒரு அளவு வைத்தேன். கை நீளம் அதிகமாக இருந்தால் மடித்துவிடச் சொல்லுங்கள். மூன்று தடவை அவிழ்த்து நாலாவது தடவை பின்னியது.

காய்ச்சல் விட்டு நாலு மாதம் ஆகிறது. எழுபது ராத்தல் எடை இருந்தவள் நூற்று நாலு ராத்தல் ஆகிவிட்டேன். கன்னம் வந்துவிட்டது. நீங்கள் வழியில் பார்த்தால் யாரோ மிராசுதார் வீட்டு அம்மாள் என்று ஒதுங்கி நிற்பீர்கள்.

சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள். நீங்களாக அழகு சேர்க்க வேண்டாம்.

உங்கள்
தீர்த்தம்


பாப்பிரெட்டிப்பட்டி
15-12-1939

சௌபாக்கியவதி தீர்த்தத்துக்கு,

சட்டை வந்தது. பாஞ்சாலிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. தலையில் மாட்டினவுடன் வாசலுக்கு ஓடிப்போய், "எங்கம்மா குடுத்துச்சு"ன்னு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாள். பள்ளிக்கூடத்துக்கும் அதுதான், படுக்கையிலும் அதுதான். துவைக்கக்கூடக் கழற்றித் தரமாட்டேன் என்கிறாள். வாத்தியார் எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டாராம்.

இங்கே குளிர் அதிகம். மற்றபடி எல்லாரும் சுகம்.

காளியப்பன்


சானிடோரியம்
8-1-1940

மாமாவுக்குத் தீர்த்தம் கும்பிட்டு எழுதியது.

முதலில் நல்ல சேதி. மூன்று மாதமாக என் சளியை எடுத்துப் பார்க்கிறார்கள், மூன்று தடவையும் கிருமி இல்லை. "தீர்த்தம், நீ பங்குனியில் வீட்டுக்குப் போகலாம். குழந்தையைத் தூக்கலாம், முத்தம் கொடுக்கலாம், என் பொறுப்பு" என்று டாக்டரம்மா எல்லார் எதிரிலும் சொன்னார். வார்டில் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது.

இனி இன்னொரு சேதி. ரோசம்மாளின் மகளுக்கு நாலு வயது, பூஞ்சை உடம்பு. பாஞ்சாலிக்குப் பின்னினது மாதிரியே தனக்கும் வேண்டும் என்று அடம் பிடித்தாள். அதே கம்பி, அதே கண்ணிக் கணக்கு, கழுத்தையும் அதே மாதிரி இழுத்து மூடினேன். நேற்று போட்டுப் பார்த்தோம். கை நுழைந்தது, தலை நுழையவில்லை. நெற்றியோடு நின்றுவிட்டது. குழந்தை உள்ளேயிருந்து கத்துகிறாள். ரோசம்மாள் சிரித்துச் சிரித்து, "ஏண்டி, இது புள்ளைக்கா, பொம்மைக்கா?"ன்னாள். நானும் சிரித்தேன். கழுத்தை முடிக்கும்போது எப்போதும் நான் இறுக்கிவிடுகிறேனாம். மப்ளருக்கும் சால்வைக்கும் கழுத்து இல்லாததால் இத்தனை நாள் தெரியவில்லை.

படுக்கையில் வந்து படுத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். நாலு வயதுத் தலை நுழையாத கழுத்தில் ஆறேழு வயதுத் தலை எப்படி நுழைந்தது?

ஏதாவது செய்து போட்டுவிட்டிருப்பீர்கள். எப்படி என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
தீர்த்தம்


பாப்பிரெட்டிப்பட்டி
27-1-1940

சௌபாக்கியவதி தீர்த்தத்துக்கு,

உடம்பு தேறினது அந்தத் தீர்த்தமலையான் புண்ணியம். எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

சட்டைக் கழுத்து கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. எழுத மறந்துவிட்டேன். அம்மா கத்தரியால் நாலு விரல் வெட்டிவிட்டு, ஊசி நூலால் ஓரம் அடித்துக் கொடுத்தாள். இப்போது சரியாக இருக்கிறது. நீ இதையெல்லாம் நினைத்து மனத்தைக் குழப்பிக்கொள்ளாதே.

பங்குனியில் கூரை பிரித்து ஓடு மாற்றலாம் என்று இருக்கிறோம். வீடு முழுக்கத் தூசியாக இருக்கும், உன் நெஞ்சுக்கு ஆகாது. வெயிலும் கடுமை. ஆவணிக்குமேல் பார்த்துக்கொள்ளலாம். மூன்று வருடம் பொறுத்தவள் இன்னும் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?

காளியப்பன்


சானிடோரியம்
4-2-1940

மாமாவுக்கு,

பின்னினதை வெட்டினால் கண்ணிக்குக் கண்ணி ஓடி அவிழ்ந்துவிடும். துணி மாதிரி நிற்காது. ஓரம் அடிப்பதற்குள் பாதிச் சட்டை நூலாகக் கையில் வந்துவிடும். இது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை.

ஆனால் அத்தைக்குக் கண் மங்கி எட்டு வருடம் ஆகிறது. அவள் ஊசியில் நூல் கோத்து நான் பார்த்ததே இல்லை. நான்தான் கோத்துக் கொடுப்பேன். இது உங்களுக்குத் தெரியும்.

சட்டையை யாரும் போடவில்லை. அது ஒன்றுதானா, எல்லாமுமா? எனக்கு நிஜம் வேண்டும். சண்டை போட மாட்டேன்.

தீர்த்தம்


பாப்பிரெட்டிப்பட்டி
20-2-1940

தீர்த்தத்துக்கு,

எல்லாமும்தான்.

மப்ளர் வந்த அன்றைக்குப் போஸ்டாபீசிலேயே அதை நான் கையால் வாங்கவில்லை. மேஜைமேல் வைக்கச் சொல்லிக் கோலில் மாட்டிக்கொண்டு வந்தேன். கிணற்று மேட்டில் போட்டுக் கொளுத்தினேன். கம்பளி எரிந்தால் மயிர் எரிகிற நாற்றம் வரும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளிருந்து அம்மா, "யாரு வூட்டுப் பொணம்டா எரியுது?"ன்னு கேட்டாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் வந்ததையெல்லாம் கொளுத்தவில்லை. ஆமணக்குக் காட்டுக்கு அந்தண்டை குழி வெட்டிப் புதைத்தேன். சால்வை, குல்லாய், மேஜோடு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அம்மாவும் தர்மனும் ஒன்றையும் கண்ணால் பார்க்கவில்லை.

சிவப்புச் சட்டையை மட்டும் புதைக்க மனம் வரவில்லை. இரண்டு நாள் கள்ளி வேலியில் தொங்கவிட்டிருந்தேன். பாஞ்சாலி பார்த்துவிட்டு, "யாருதுப்பா இது?"ன்னு கேட்டாள். யாருதோ என்றேன். சாயங்காலமே குழியில் போட்டுவிட்டேன்.

எங்கப்பா அந்த நடு அறையில்தான் இருமி இருமிச் செத்தார். எங்கக்காவும் அதே அறையில்தான். அவள் துணியைத்தான் எனக்குப் போர்த்திவிட்டார்கள், எனக்கு ஒன்றும் வரவில்லை, தெரியும். ஆனாலும் பாஞ்சாலி இருமினால் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. உன் கடிதத்தைக்கூட ஒரு பகல் வெயிலில் போட்டுவிட்டுத்தான் படிக்கிறேன். டாக்டரம்மா சொல்வது புத்திக்குத் தெரிகிறது. கைக்குத் தெரிய மாட்டேன் என்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன ஆனியில் பாஞ்சாலி உன்னைத் தேடி பஸ் பின்னாலேயே ஓடி விழுந்துவிட்டாள். சக்கரத்துக்கும் அவளுக்கும் ஒரு முழம்தான் இருந்தது. அன்றைக்கு அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு, "உங்கம்மா செத்துப் போச்சு கண்ணு, இனிமே ரோட்டுக்குப் போவாத"ன்னு சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. நாலு நாள் அழுதாள். அதற்கப்புறம் ரோட்டுக்குப் போவதில்லை.

வராதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வா என்று சொல்லத் தைரியம் இல்லை. உனக்கு எது சரி என்று படுகிறதோ அப்படிச் செய்.

காளியப்பன்


சானிடோரியம், வேலைக்காரர் விடுதி
18-3-1940

மாமாவுக்கு,

நான் வந்தேன். உங்களுக்குத் தெரியாது.

டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்ததும், உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். நேரே வீட்டுக்குப் போய்க் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "இப்ப வெரட்டுங்க பாக்கலாம்"ன்னு நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். போன வியாழக்கிழமை பொம்மிடியில் இறங்கி, பஸ் பிடித்து நம் ஊரில் இறங்கினபோது உச்சி வேளை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு விட்டிருந்தார்கள்.

புங்க மரத்தடியில் அவளைப் பார்த்தேன். யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. எங்கம்மாவின் நடை. என்ன வளர்ந்துவிட்டாள் மாமா! நான் ஒரு குழந்தைக்குப் பின்னியிருக்கிறேன், அங்கே ஒரு பெண் நிற்கிறாள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றதும் அவளே பக்கத்தில் வந்தாள்.

"யாரு வேணுங்க உங்களுக்கு?"

"தண்ணி குடுப்பியா பாப்பா?" என்றேன். ஓடிப்போய்ச் சொம்பில் கொண்டுவந்தாள். அண்ணாந்து குடித்தேன், உதடு படாமல். பேர் கேட்டேன். "பாஞ்சாலிங்க. காளியப்பன் மகளுங்க" என்றாள்.

"உங்கம்மா?"

"அம்மா இல்லீங்க. செத்துப் போயி சாமி ஆயிருச்சு. ஆடி மாசம் பூவாடக்காரிக்குப் புடவை வெச்சுக் கும்புட்டோம். மாம்பழக் கலருங்க. பொட்டியில இருக்குது. நான் பெரிய மனுசி ஆனா அது எனக்குத்தான்னு ஆயா சொல்லுச்சு."

"அம்மாவ நெனச்சு அழுவியா?"

"முன்னே அழுதனுங்க. இப்ப இல்ல. சாமிதானே."

கொஞ்சங்கூடத் துக்கம் இல்லாமல் சொன்னாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி. அவள் கன்னத்தைத் தொடக் கை எழுந்தது. தொடவில்லை. மூன்று தடவை சோதித்துக் கிருமி இல்லை என்று சொன்ன உடம்பு இது. ஆனால் உங்கள் கடிதம் படித்த பிறகு என் கைக்கும் பயம் வந்துவிட்டது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மணி அடித்தார்கள். சொம்பை வாங்கிக்கொண்டு, "எந்த ஊருங்க நீங்க? சாப்பிட்டீங்களா? வூடு அங்கதானுங்க இருக்குது, போனீங்கன்னா ஆயா களி போடும்" என்றாள். என் வீட்டுக்கு எனக்கு வழி காட்டினாள். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

சண்டை போட மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அதனால் கேட்க மட்டும் கேட்கிறேன். நம் வீட்டில் தாலியோடு செத்தவளுக்குத்தானே பூவாடைக்காரிப் படையல்? அந்தப் புடவையைக் கடையில் எடுக்கும்போது எனக்குப் பிடித்த நிறம் என்று யோசித்தீர்களா? கடைக்காரர் யாருக்கு என்று கேட்டிருப்பாரே, என்ன சொன்னீர்கள்? நான் தொட்டுத் தொட்டுப் பின்னியதெல்லாம் குழிக்குப் போயிற்று. நான் கண்ணால் பார்க்காத ஒரு புடவை என் மகளுக்கு என் ஞாபகமாகப் பெட்டியில் இருக்கிறது.

நான் வரவில்லை மாமா. உங்களுக்குப் பயந்து இல்லை, அத்தைக்குப் பயந்தும் இல்லை. நாலு நாள் அழுது முடித்த குழந்தை முன்னால் போய், நான்தான் அது, சாகவில்லை, உன்னைப் பார்க்காமல்தான் இருந்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் அவள் உங்களை ஒரு நாளும் நம்ப மாட்டாள். இப்போது அவளுக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

இங்கேயே வார்டில் ஆயா வேலை கொடுத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் ரொம்ப அழுவார்கள். பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும். இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். பாஞ்சாலிக்குக் காய்ச்சல் கீய்ச்சல் என்றால் மட்டும் டாக்டரம்மா பேருக்கு எழுதுங்கள். அவர் வழி சொல்வார்.

ஒன்றே ஒன்று. படையலில் அதிரசம் வைத்தீர்களாம். அம்மாவுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும் என்று அத்தை சொன்னதாகப் பாஞ்சாலி சொன்னாள். எனக்கு அதிரசம் பிடிக்காது. அது உங்களுக்குத்தான் பிடிக்கும். ஆறு வருடம் உங்களுக்காகச் சுட்டேன், எனக்கு எது பிடிக்கும் என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்குப் பிடித்தது சுடச்சுடக் களியும் கொள்ளுக் கடைசலும். வருகிற ஆடிக்கு அதை வையுங்கள். அம்மாவைப் பற்றி அந்தக் குழந்தைக்கு அது ஒன்றாவது நிஜமாகத் தெரிந்திருக்கட்டும்.

தீர்த்தம்மாள்